வாசகர் கேள்வி–பதில்: யூ இல்லாத கியூ

கேள்வி: எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆடும்போது கியூ எழுத்து கைக்கு வந்தால், யூ வரும் வரை காத்திருந்து பல ஆட்டங்களை இழந்துவிடுகிறேன். யூ இல்லாமல் அமையும் ஆங்கிலச் சொற்கள் உண்டா? அவற்றின் பொருளையும் அறிந்திருக்க வேண்டுமா?

பதில்: உண்டு, காத்திருப்பதுதான் தவறு. 100 வில்லைகளில் யூ நான்கே இருக்கின்றன. ஆட்டம் முடியும்போது கியூ உங்களிடம் தங்கிவிட்டால், அதன் 10 புள்ளிகள் உங்கள் கணக்கிலிருந்து கழிந்து, முதலில் ஆடி முடித்தவரின் கணக்கில் சேரும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, கியூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளால் ஆன 'சீ'. சீனச் சிந்தனையில் உடலில் ஓடுவதாகக் கருதப்படும் உயிராற்றலை இது குறிக்கும். அடுத்தது கியூ, ஏ, டி: ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் கிளர்ச்சிக்காக மெல்லப்படும் ஓர் இலை. இதன் நடுவே என், ஏ சேர்ந்து ஐந்தெழுத்தானால், மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவான சுரங்கத்தின் வழியே வயல்களுக்குக் கொண்டுவரும் ஈரானியக் கால்வாயான 'கனாத்' கிடைக்கும். கியூ, ஓ, பி, எச் என்பது எபிரேய நெடுங்கணக்கின் ஓர் எழுத்து.

பொருள் தெரியாமலும் வெல்லலாம் என்பதற்கு நியூசிலாந்தின் ஸ்க்ராபிள் வீரர் நைஜல் ரிச்சர்ட்ஸே சான்று. பிரெஞ்சு பேசத் தெரியாத அவர், சொற்பட்டியலை மனப்பாடம் செய்தே 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றார். அத்தகைய நினைவாற்றல் வாய்க்காத நமக்குப் பொருள்தான் பிடிமானம். மேற்சொன்ன நான்கும் பெயர்ச்சொற்கள் என்று தெரிந்தால், ஈற்றில் எஸ் சேர்த்து நீட்டலாம் என்பதும் தெரிந்துவிடும். 'என்ற முறையில்' என்று பொருள்படும் கியூ, யூ, ஏ பெயர்ச்சொல் அல்லாததால் அதற்கு எஸ் சேர்க்க இயலாது.

கேள்வி: கையில் உயிரெழுத்தே இல்லாவிட்டால் என்ன செய்வது?

பதில்: வெல்ஷ் மொழியை நாடுங்கள். அங்கே டபிள்யூ உயிரெழுத்தாகவும் ஒலிக்கும் என்பதால், சி, டபிள்யூ, எம் சேர்ந்து 'கூம்' ஆகிறது. பனியாறு குடைந்த மலைப் பள்ளத்தாக்கு என்பது பொருள். எவரெஸ்ட்டின் மேற்குப் பள்ளத்தாக்குக்கு 1921இல் இச்சொல்லைக் கொண்டு பெயரிட்டவர் மலையேறும் வீரர் ஜார்ஜ் மாலரி. சி, ஆர், டபிள்யூ, டி, எச் என்பது வில்லால் மீட்டப்படும் பழைய வெல்ஷ் நரம்பிசைக் கருவி.

கேள்வி: எல்லாமே உயிரெழுத்தாக வந்துவிட்டால்?

பதில்: ஏ, ஏ என்பது கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை, ஏ, ஐ என்பது மரத்தில் மெல்ல நகரும், மூன்று விரல் கொண்ட தென்னமெரிக்க ஸ்லாத் விலங்கு. இவ்வகையில் என்னை மிகவும் கவர்ந்தது ஈ, யூ, ஓ, யூ, ஏ, ஈ என்ற ஆறெழுத்துச் சொல்தான். லத்தீன் வழிபாட்டுப் பாடலின் ஈற்றில் வரும் 'செக்குலோரும் ஆமென்' என்ற தொடரின் உயிரெழுத்துகளை மட்டும் கோத்து, மெட்டு முடியும் விதத்தைக் குறிக்க இசைச் சுவடிகளில் எழுதிய சுருக்கம் அது. ஆட்டத்தில் செல்லும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியல் இதை ஏற்கிறது, வட அமெரிக்கப் பட்டியல் ஏற்பதில்லை. ஆகையால் எந்தப் பட்டியல்படி ஆடுகிறீர்கள் என்பதை முதல் வில்லையை எடுப்பதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.