அப்பாவுக்கு ஏடிஎச்டி, மகனுக்கு அடம்: காரணம் நானா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 35. ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு, யோசிக்காமல் செயல்படுவது ஆகியவை கொண்ட குறைபாடு) இருப்பதாகப் போன வருடம் கண்டுபிடித்தார்கள். தினமும் காலையில் மாத்திரை சாப்பிடுகிறேன். என் நான்கு வயது மகன் ஓரிடத்தில் உட்காருவதில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் கையில் இருப்பதை வீசி எறிகிறான், அடிக்கிறான். நானும் சில நாள் சிரித்துவிட்டுப் போகிறேன், சில நாள் கத்திவிடுகிறேன். ‘அப்பனைப் போலவே பிள்ளை’ என்கிறார்கள் வீட்டில். அவனுக்கும் ஏடிஎச்டியா? என்னால்தான் இப்படி இருக்கிறானா?

பதில்: ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு பெரிது. இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள் 70 முதல் 80 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதை உங்கள் மகனுக்கு வருவதற்கான வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. அப்பாவுக்கு இருந்தும் பிள்ளைக்கு வராத வீடுகள் எத்தனையோ உண்டு. அப்படியே வந்தாலும் அது நீங்கள் செய்த தப்பு இல்லை. அந்தக் குற்ற உணர்வை இன்றே இறக்கி வையுங்கள்.

நான்கு வயதில் ஓட்டமும் அடமும் சகஜம். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீட்டில் மட்டும் இல்லாமல் பள்ளியிலும் தெரிய வேண்டும், அந்த வயதுக்கு மிஞ்சியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஏடிஎச்டி என்ற பேச்சே வரும்.

நீங்கள் எழுதியதில் ‘சில நாள் சிரிப்பு, சில நாள் கத்தல்’ என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே செயலுக்கு இன்று சிரிப்பும் நாளை அடியும் கிடைத்தால், எது சரி என்று குழந்தைக்குப் புரியாது. அதனால் அதையே மறுபடி மறுபடி செய்து பார்ப்பான். ஏடிஎச்டி உள்ள அப்பாக்களிடம் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். பாசக்குறைவு இதற்குக் காரணம் இல்லை. வந்த கோபத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்துவதும், நேற்றுச் சொன்னதை இன்று நினைவில் வைப்பதும்தான் அவர்களுக்குக் கஷ்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மாத்திரைகளில் சில நான்கு மணி நேரமே வேலை செய்யும், நீண்ட நேர வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். காலையில் போட்டதன் பலன் ஆபீசுக்குப் போய்விடுகிறது. நீங்கள் களைத்து வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றும்போது, ஒரு கையில் போன், இன்னொரு கையைப் பிடித்து இழுக்கும் மகன், அடுப்படியிலிருந்து மனைவி ஏதோ கேட்கிறார். அந்த நேரத்தில் மருந்தின் வேலை முடிந்திருக்கலாம். பெரும்பாலான கத்தல் மாலை ஆறு மணிக்கு மேல்தானா என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஆம் என்றால் அந்தக் குறிப்போடு உங்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேளையையோ வகையையோ அவர் மாற்றித் தரலாம். நீங்களாக அளவைக் கூட்டவே கூடாது. மாத்திரையைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ‘இவனும் துறுதுறுவென்று இருக்கிறானே’ என்று உங்கள் மாத்திரையில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் விபரீதம் மட்டும் எந்த வீட்டிலும் வேண்டாம்.

அப்புறம் தண்டனை. ‘ஒரு வாரம் டிவி கிடையாது’ என்று கோபத்தில் சொல்வீர்கள். மறுநாள் காலையில் உங்களுக்கே ஞாபகம் இருக்காது, ஆனால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கும். அதனால் உடனே முடிகிற சின்ன விளைவாக வையுங்கள்: எறிந்த பொம்மை பத்து நிமிடம் அலமாரி மேல். இந்த ஒரே விதியை நீங்களும் மனைவியும் பேசி முடிவு செய்து, ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் அதே விதிதான். எறியாமல் கீழே வைத்தால் அந்த நொடியே பாராட்டுங்கள். அடி மட்டும் வேண்டாம், கையை ஓங்குவதையும் அவன் உங்களிடமிருந்தே கற்றுக்கொள்வான்.

ஓடிப் பிடித்து விளையாடுவதில் உங்களைப் போன்ற அப்பாக்கள் கெட்டிக்காரர்கள். தாராளமாக விளையாடுங்கள், தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். தூக்கம் கெட்ட குழந்தை மறுநாள் பார்ப்பதற்கு ஏடிஎச்டி போலவே இருக்கும்.

மகனுக்கு ஏடிஎச்டியே என்று தெரிந்தாலும் இந்த வயதில் முதல் சிகிச்சை மருந்து இல்லை, பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். அடிபடும் அளவுக்கு ஆபத்தில் குதித்தாலோ, பேச்சு தாமதமாக இருந்தாலோ, பள்ளியிலும் புகார் வந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஏடிஎச்டி இருப்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். மகனின் நடத்தை பற்றிய கேள்விப் படிவம் தந்தால் நீங்கள், மனைவி, வகுப்பு ஆசிரியை மூவரும் தனித்தனியாக நிரப்புங்கள்.