எலிக்கும் நம்ம புள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அக்கா பொண்ணுக்கு ரெட் சிண்ட்ரோம்ங்கிற மூளை வளர்ச்சிக் கோளாறுன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு லேப்ல எலிய வச்சு ஆராய்ச்சி பண்றாங்களாமே, அதுல என்ன தெரியும்? – ஒரு வாசகி

பதில்: நெறைய தெரிஞ்சிருக்கும்மா. எம்இசிபி2ங்கிற ஜீன்ல வர்ற பழுதுதான் காரணம்னு 1999ல ஹூஸ்டன்ல ஹூடா ஜோக்பியோட லேப் கண்டுபிடிச்சுது, அதே ஜீன் சுண்டெலிக்கும் இருக்கு. எடின்பர்க் யூனிவர்சிட்டில ஏட்ரியன் பேர்ட் டீம் அந்த ஜீன் வேலை செய்யாத எலிகள உருவாக்குனாங்க. சாதாரண எலிய வால புடிச்சு தூக்குனா பின்னங்கால விரிக்கும், இது ரெண்டு காலையும் இறுக்கி சேத்துக்கும், நடுக்கம் வேற, மூச்சும் சீரா இருக்காது. 2007ல, அறிகுறியெல்லாம் வந்த பிறகு டமாக்சிஃபென்ங்கிற மருந்து குடுத்து அந்த ஜீன திரும்ப ஓட விட்டாங்க, பல எலிங்க சில வாரத்துல தேறிடுச்சு! மூளை செல்லுங்க செத்துப் போகல, அந்த ஜீன் உண்டாக்குற புரோட்டீனுக்காக காத்துக்கிட்டுதான் இருந்திருக்கு. எனக்கு இத நெனச்சா இன்னைக்கும் சிலிர்க்குது.

ஆனா இதக் காட்டி குணமாக்குறேன்னு யாராவது காசு கேட்டா நம்பாதீங்க. அந்த எலிகளுக்கு பொறக்கும்போதே ஜீனுக்குள்ள சுவிட்ச் மாதிரி வச்சிருந்தாங்க, நம்ம புள்ளைங்களுக்கு அது இல்ல, ஜீன வெளிய இருந்து குடுக்கலாம்னா அளவு கூடுனாலும் ஆபத்து. 2023ல அமெரிக்கால ட்ரோஃபினெடைடுங்கிற மருந்துக்கு அனுமதி கெடச்சுது, ரெட்டுக்குன்னே வந்த முதல் மருந்து, சில அறிகுறிய குறைக்கும், அவ்ளோதான். நரம்பியல் டாக்டர்ட்ட இதப்பத்தி கேளுங்க.