தென்னாப்பிரிக்காவில் விடுதிப் பள்ளி: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மகனுக்கு 13 வயது, மகளுக்கு 5. மழலை வகுப்பு முதல் மெட்ரிக் (கிரேடு 12) வரை ஒரே வளாகத்தில் உள்ள தனியார் பள்ளி ஒன்றைப் பார்த்திருக்கிறோம். சின்னவள் தினமும் வீட்டிலிருந்து போய் வரட்டும், பெரியவன் வாரவிடுதியில் இருக்கட்டும் என்று யோசனை. சரிவருமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: சரிவரும். ஒரே விடுமுறை நாட்காட்டி, ஒரே பேருந்து, ஒரே அலுவலகம் என்பது வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதலாவது, கிரேடு 7 முடித்த பிள்ளைக்கு கிரேடு 8-ல் இடம் தானாகக் கிடைக்குமா? ஒரே வளாகமாக இருந்தாலும் உயர்நிலைப் பிரிவுக்குத் தனி விண்ணப்பமும், தனித் தேர்வும், தனிச் சேர்க்கைக் கட்டணமும் வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு.

இரண்டாவது, வாரவிடுதி என்றால் பிள்ளை எப்போது வீட்டுக்கு வருவான்? வெள்ளி மாலை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சனிக்கிழமை கிரிக்கெட், ஹாக்கி ஆட்டங்கள் கட்டாயமாக இருந்தால் அவன் வந்து சேர்வது சனி பிற்பகல், திரும்புவது ஞாயிறு மாலை. அந்த ஒரு நாளுக்குள் அழுக்குத் துணி, கோயில், தமிழ் வகுப்பு எல்லாம் அடங்க வேண்டும். போன ஆண்டின் விளையாட்டு அட்டவணையை வாங்கி, எத்தனை சனிக்கிழமைகள் போயின என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது மகளின் வயது. எந்த ஆண்டில் கிரேடு 1-ல் சேருகிறாளோ அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் ஆறு வயது நிறைந்தால் சட்டம் அனுமதிக்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் இதே விதிதான். இருந்தாலும் ஜூன் மாதம் பிறந்த பிள்ளையை ஓராண்டு பொறுத்துச் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. வகுப்பில் எப்போதும் இளையவளாக இருப்பதன் சுமை கிரேடு 3, 4-ல்தான் தெரியவரும்.

கேள்வி: கட்டணப் பட்டியலில் ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு ஆகும்?
– வாசகர், டோங்காட்

பதில்: குவாஸுலு-நடால் மாகாணத்தின் உட்பகுதியான மிட்லாண்ட்ஸின் பெயர்பெற்ற முழுநேர விடுதிப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 3 லட்சம் ராண்டைத் தாண்டிவிட்டது. இதைவிடக் குறைந்த கட்டணத்தில் நல்ல பள்ளிகளும் இருக்கின்றன. எதுவானாலும் முதலாண்டுத் தொகையை ஐந்தால் பெருக்கி முடிவெடுக்காதீர்கள், கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். 3 லட்சத்தில் தொடங்கி ஆண்டுக்கு 7 சதவீதம் கூடினால் கிரேடு 8 முதல் 12 வரை மொத்தம் 17 லட்சத்து 25 ஆயிரம் ராண்ட் ஆகிறது. நீங்கள் 15 லட்சம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள 2 லட்சத்து 25 ஆயிரம்தான் கிரேடு 11, 12-ல் குடும்பத்தைத் திணற வைக்கும்.

பட்டியலுக்கு வெளியே நிற்பவை: விண்ணப்பக் கட்டணம், இடத்தை உறுதிசெய்யும் கட்டணம் (பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது), வைப்புத்தொகை, கட்டட நிதி, சீருடை, லேப்டாப், விளையாட்டுப் பயணம், கிரேடு 12-ல் தேர்வுக் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'திரும்பக் கிடைக்குமா' என்று ஒரு கட்டம் போட்டு, பள்ளி அலுவலகத்தையே நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

விலகல் அறிவிப்பு விதியைக் கட்டாயம் படியுங்கள். பிள்ளையை நிறுத்துவதாக இருந்தால் ஒரு முழுப் பருவம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தப் பருவத்தின் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. விடுமுறையில் மனம் மாறி ஜனவரி முதல் வாரம் கடிதம் கொடுக்கும் பெற்றோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்னொன்று, வருமானம் குறைந்த பெற்றோருக்கு அரசுப் பள்ளிகளில் கிடைக்கும் கட்டண விலக்கு தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. உதவித்தொகை வேண்டுமென்றால் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் தகராறு வந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பிள்ளையை உடனே வெளியேற்றிவிடலாமா? கூடாது. ஜோகன்னஸ்பர்க் தனியார் தொடக்கப் பள்ளி ஒன்றின் வழக்கில் 2020-ல் அரசியல் சாசன நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிள்ளையின் நலனைக் கருதாமலும், அதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கொடுக்காமலும் பள்ளி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது.

கேள்வி: புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. விடுதியில் 'வெஜிடேரியன் உண்டு' என்கிறார்கள். நம்பலாமா?
– ஆயா ஒருவர், மெரெபேங்க்

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆயா. அவர்களுடைய 'வெஜிடேரியன்' வேறு, உங்கள் புரட்டாசி வேறு. காய்கறி சூப்பில் கோழி ஸ்டாக் கட்டி கரைத்திருப்பார்கள். ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும். சனிக்கிழமை பிராயில் (தணலில் இறைச்சி சுடும் விருந்து) ஆட்டிறைச்சியைப் புரட்டிய அதே இடுக்கியால் மக்காச்சோளத்தையும் புரட்டுவார்கள். காலைச் சாப்பாட்டில் முட்டை வரும். 'ஹலால் சமையலறை' என்று சொன்னால் அது இறைச்சியை அறுத்த முறை பற்றியும், பன்றி இறைச்சியும் மதுவும் இல்லை என்பது பற்றியும் தரும் உறுதி, சைவம் என்று பொருளல்ல. மாட்டிறைச்சியும் ஹலாலாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் பொதுவாகக் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின், இறைச்சி ஸ்டாக் ஆகாது; பால், தயிர், சீஸ் ஆகும்; தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வேண்டும்; தொடங்கும் தேதி, முடியும் தேதி. தாளை மேட்ரனிடம் (விடுதிப் பிள்ளைகளைக் கவனிப்பவர்) ஒன்றும் சமையல் பொறுப்பாளரிடம் ஒன்றும் கொடுங்கள். குறைந்தது நான்கு வாரம் முன்னதாகக் கொடுங்கள், ஏனென்றால் பெரிய சமையலறைகள் சாமானை முன்கூட்டியே ஆர்டர் செய்துவிடுகின்றன. ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் பள்ளிகளில் புரட்டாசி முழுவதும் செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்குள் விழுவதால், வீட்டு விடுமுறையை வைத்துச் சமாளிக்க வழியில்லை.

சைவம் என்றதும் தினமும் சீஸ் டோஸ்டும் சாலடும் போட்டுவிட்டால் வளரும் பிள்ளைக்குப் போதாது. சுகர் பீன்ஸ் (உலர்ந்த பீன்ஸ் விதை), பருப்பு, கடலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இரண்டு வேளை தட்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சமையலறைக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை. டர்பனைச் சுற்றிப் பீன்ஸ் கறி வைக்கத் தெரியாத சமையல்காரரைக் காண்பது அரிது.

கேள்வி: மகளுக்கு மூக்குக் குத்தியிருக்கிறோம். கையில் காப்புக் கயிறும் உண்டு. பள்ளி விதியில் நகை கூடாது என்று இருக்கிறது.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இதே கேள்வி நம் சமூகத்துப் பெண் ஒருவரால்தான் நாட்டின் உச்ச மன்றம் வரை போனது. டர்பன் அரசுப் பள்ளி ஒன்றில் படித்த அந்தத் தமிழ் மாணவி 2004-ல் மூக்குக் குத்திக்கொண்டு வந்தார், பள்ளி கழற்றச் சொன்னது. பெண் பருவமடைந்ததும் மூக்குக் குத்தி, 16 வயதில் பாட்டி வைர மூக்குத்தி போடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. 'இது மதத்தில் கட்டாயமா, இல்லை வழக்கமா?' என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு சொன்ன பதிலை எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டும்: கட்டாயமில்லாமல் மனமுவந்து கடைப்பிடிக்கும் மத, பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பள்ளிகள் விதிவிலக்குக் கேட்கும் முறையைத் தங்கள் விதிகளில் சேர்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

அந்தத் தீர்ப்பின் அடிப்படையான சமத்துவச் சட்டம் தனியார் பள்ளிகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் முதல் நாள் வாசலில் சண்டை வேண்டாம். சேர்க்கைக்கு முன்பே கடிதம் கொடுங்கள். என்ன அணிகிறாள், ஏன், எப்போதிலிருந்து, எந்தெந்த நாட்களில், விளையாட்டின்போது எப்படி மறைப்பாள் (மூக்குத்தியின் மேல் சிறு பிளாஸ்டர், கயிற்றின் மேல் வியர்வைப் பட்டை) என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல்வர் வாயால் சரி என்று சொன்னது, அவர் மாறிய மறுநாளே காணாமல் போய்விடும்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்திருக்கிறோம். மகன் கிரேடு 8-ல் சேரப்போகிறான். ஆஃப்ரிக்கான்ஸும் தெரியாது, ஜூலுவும் தெரியாது.
– வாசகர், மிட்ராண்ட்

பதில்: மெட்ரிக்கில் பொதுவாக இரண்டு அதிகாரப்பூர்வ மொழிகள் கட்டாயம். ஆனால் கிரேடு 7 அல்லது அதற்கு மேல்தான் முதன்முதலாக இந்நாட்டுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு, குடியேறி வந்தவர் என்ற முறையில் ஒரு மொழி மட்டும் எடுத்து, மற்றதற்குப் பதில் வேறு பாடம் எழுதச் சலுகை உண்டு. அது தானாக வராது. பள்ளி வழியாக, சேர்ந்த தேதிக்கான சான்றுடன், காலத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கிரேடு 12-ல் போய்க் கேட்டால் சிக்கல்தான். படிப்பு விசாவில் பள்ளியின் பெயர் இருக்கும், எனவே பள்ளி மாற்றினால் விசாவையும் மாற்ற வேண்டும்.

மொழியைவிடப் பெரிய திருப்பம் கிரேடு 9 முடிவில் வரும். மேத்தமேட்டிக்ஸா (முழுக் கணிதம்), மேத்ஸ் லிட்டரசியா (அன்றாட வாழ்க்கைக் கணக்கு) என்று தேர்வு செய்யச் சொல்வார்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறாதீர்கள். லிட்டரசி எடுத்தால் பொறியியல், மருத்துவம், அறிவியல் பட்டப்படிப்புகளின் கதவு மூடிவிடும். மதிப்பெண் குறைகிறதே என்று பள்ளி லிட்டரசிக்குத் தள்ளினால், முதலில் ஒரு பருவம் டியூஷன் வைத்துப் பாருங்கள். பிறகு இந்தியாவில் மருத்துவம் படிக்க எண்ணினால், இங்கே இயற்பியலும் வேதியியலும் 'ஃபிசிக்கல் சயின்சஸ்' என்ற ஒரே பாடம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: மெட்ரிக்குக்கு ஐஇபி (தனியார் பள்ளிகள் பலவும் எழுதும் தனித் தேர்வு வாரியம்) தேர்வா, அரசுத் தேர்வா? தமிழை ஒரு பாடமாக எடுக்க முடியுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இரண்டுக்கும் உமலுசி என்ற ஒரே அமைப்புதான் சான்று தருகிறது, பல்கலைக்கழகங்களும் இரண்டையும் ஏற்கின்றன. பெயருக்காக ஐஇபியைத் தேட வேண்டாம், நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளை குவாஸுலு-நடால் பள்ளிகளில் விருப்பப் பாடமாக வைக்க 2014-ல் வழி திறந்தது. பாடம் பட்டியலில் இருப்பதும் பள்ளியில் ஆசிரியர் இருப்பதும் ஒன்றல்ல. விடுதிப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மாலை ஆன்லைன் தமிழ் வகுப்பு, அதற்கு ஒரு தனி அறை, அந்த நேரத்தில் பிரெப்பிலிருந்து (விடுதியின் மாலைப் படிப்பு நேரம்) விடுப்பு என்று கேளுங்கள். இதைக் கேட்கும் பெற்றோர் குறைவு, ஆகவே கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: விடுதியில் அடிப்பார்களா? பெரிய பையன்கள் சின்னவர்களைப் படுத்துவார்களா?
– வாசகி, வெருலம்

பதில்: 1996-ன் பள்ளிச் சட்டப்படி அடிப்பது குற்றம். மத நம்பிக்கையைக் காட்டி விலக்குக் கேட்ட தனியார் பள்ளிகளின் கோரிக்கையை 2000-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளிவிட்டது. புதியவர்களை 'சோதிக்கும்' சடங்குகளும் விடுதிக்குள் தடை. இரவு பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு மாடியிலும் எந்தப் பெரியவர் இருக்கிறார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் அந்த விடுதி வேண்டாம்.

கேள்வி: பெட்டியில் என்ன வைப்பது?
– வாசகி, டர்பன்

பதில்: பள்ளிப் பட்டியல்படி சீருடை. துணி வெளுத்துத் திரும்ப மூன்று நாள் ஆகும் என்று வைத்து, உள்ளாடை 10, சாக்ஸ் 8 ஜோடி, சட்டை 5 வையுங்கள். சாக்ஸ் ஒவ்வொன்றிலும் பெயர்ப் பட்டியைத் தைத்துவிடுங்கள், ஜோடிக்கு ஒன்று போதாது. பேனாவால் எழுதிய பெயர் நாலு சலவையில் போய்விடும். டர்பனில் வளர்ந்த பிள்ளைக்கு மிட்லாண்ட்ஸ் குளிர் தெரியாது. ஜூன், ஜூலை காலைகளில் புல்லில் உறைபனி படிந்திருக்கும், எனவே உள்ளே போடும் வெப்ப பனியன் மூன்று வேண்டும். மருந்து எதுவானாலும் மருத்துவர் சீட்டோடு நர்ஸிடம் போகட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

நீளத் தலைமுடி உள்ள மகளுக்குத் தேங்காய் எண்ணெய் அனுப்பினால் வாயகன்ற டப்பாவில் அனுப்புங்கள். 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும், குறுகிய வாய்ப் புட்டியிலிருந்து ஜூலையில் ஒரு சொட்டும் வராது.