கோபுரம் சாயாமல் நிற்க எந்த 4×5 கேமரா?

கேள்வி: காரைக்குடியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளையும், திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் கோபுரங்களையும் 4×5 அங்குல ஃபிலிமில் எடுக்க ஆசை. பைக்கிலோ பஸ்ஸிலோதான் போவேன். பழைய லின்ஹாஃப் டெக்னிகா 5 ஒன்று, 150 மி.மீ. லென்ஸோடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கட்டடத்துக்கு ஒற்றைத் தண்டில் அமைந்த மோனோரெயில் கேமராதான் சரி என்கிறார்களே?

பதில்: டெக்னிகா பெட்டிபோல மடங்கும் உறுதியான, அழகான கேமரா. ஆனாலும் உங்கள் வேலைக்கு அதை வாங்காதீர்கள். கேமராவைவிட அந்த 150 மி.மீ. லென்ஸ்தான் எனக்கு முதல் உறுத்தல்.

கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் கோபுரம் பின்னால் சாய்வது உங்களுக்குத் தெரியும். அது சாயாமல் இருக்க, ஃபிலிம் நிற்கும் பின்சட்டம் செங்குத்தாக இருக்க வேண்டும். லென்ஸை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். இந்த ஏற்றத்தைத்தான் ரைஸ் என்கிறோம். டில்ட் (சட்டத்தை முன்பின் சாய்ப்பது), ஸ்விங் (பக்கவாட்டில் திருப்புவது) எல்லாம் கட்டட வேலையில் எப்போதாவது கை கொடுப்பவை. ரைஸ் ஒவ்வொரு படத்திலும் வேண்டும்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது, உயரம் 236 அடி, ஏறத்தாழ 72 மீட்டர். ஃபிலிமை நெட்டுவாக்கில் வைத்து, 90 மி.மீ. லென்ஸில், ரைஸ் இல்லாமல் உச்சிவரை பிடிக்க வேண்டுமானால் சுமார் 106 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்போதும் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரோடுதான். 40 மி.மீ. ரைஸ் கொடுத்தால் 64 மீட்டரே போதும், ரோடும் சுருங்கிவிடும். உங்கள் 150 மி.மீ. லென்ஸில் அதே 40 மி.மீ. ரைஸ் கொடுத்தாலும் மறுபடி 106 மீட்டருக்குப் போக வேண்டியதுதான். நம் ஊர்க் கோயில் தெருவில் நாற்பது மீட்டர் கூடுதலாகப் பின்வாங்கினால் நடுவில் எத்தனை மின்கம்பி, எத்தனை கடைப் பந்தல் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதலில் லென்ஸ். 4×5-இல் கட்டடம் எடுப்பவருக்கு 90 மி.மீ.தான் அன்றாட லென்ஸ். அது எவ்வளவு பெரிய வட்டத்துக்குப் படம் விழவைக்கிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள்; வட்டம் பெரிதானால்தான் ரைஸுக்கு இடம் இருக்கும். ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப் 8 லென்ஸின் வட்டம், எஃப் 22-இல் 216 மி.மீ. நெட்டுவாக்கில் அதில் சுமார் 36 மி.மீ. ரைஸ் கிடைக்கும். நிக்கார் எஸ்டபிள்யூ 90 மி.மீ. எஃப் 8-க்கு வட்டம் 235 மி.மீ.; ரைஸ் 47 மி.மீ. வரை போகலாம். இரண்டுமே சிறியவை, 67 மி.மீ. ஃபில்டர் போதும். நான் தேர்ந்தெடுத்தால் நிக்கார்தான். லென்ஸின் முழுத் திறப்பே எஃப் 8 என்பதால் கிரவுண்ட் கிளாஸின் (பின்னால் படம் விழும் சொரசொரப்புக் கண்ணாடியின்) ஓரங்கள் மங்கலாகத் தெரியும். தடித்த கறுப்புத் துணியும் நல்ல லூப்பும் (உருப்பெருக்கி) இருந்தால் சமாளிக்கலாம்.

இப்போது கேமராவுக்கு வருவோம். 90 மி.மீ. லென்ஸைப் போட்டால் லென்ஸ் நிற்கும் முன்சட்டமும் பின்சட்டமும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும். இரண்டையும் இணைக்கும் சாதாரண மடிப்பு பெல்லோஸ் அந்த நிலையில் நெருங்கி இறுகிவிடும். லென்ஸை மேலே தள்ளினால் வர மறுக்கும். லென்ஸ் 47 மி.மீ. கொடுக்கத் தயாராக இருந்தும் கேமரா 15 மி.மீ.யில் நிறுத்திவிடலாம். மடிப்பில்லாத தொளதொளப்பான பை பெல்லோஸ் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் எந்தக் கேமராவைப் பார்த்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பெல்லோஸைக் கழற்றி மாற்ற முடியுமா?

டெக்னிகா 5 இங்கேதான் தோற்கிறது. 90 மி.மீ. லென்ஸைப் போட்டால் முன்சட்டம் பெட்டியின் வாய்க்கு அருகிலேயே நிற்கும், ரைஸ் கொடுத்தால் மேல்விளிம்பு தடுக்கும். 1972-இல் வந்த மாஸ்டர் டெக்னிகாவில் இதற்காகவே மேலே ஒரு திறப்பு வைத்தார்கள்.

மோனோரெயில் பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. சினார் எஃப்2, ஆர்க்கா ஸ்விஸ் எஃப் போன்றவற்றில் அசைவு தாராளம், பை பெல்லோஸும் போடலாம். சினாரின் பழைய உதிரிகள் நிறையவே கிடைக்கின்றன. காரில் போகிறவராக இருந்தால் யோசிக்காமல் சினார் எஃப்2 வாங்கச் சொல்வேன். பைக்கில் அந்த நீளத் தண்டைக் கட்டிக்கொண்டு போவது தொல்லை. தண்டு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கும் லின்ஹாஃப் டெக்னிகார்டான் 45எஸ் தோள்பைக்குள் அடங்கும், ஆனால் மூன்று கிலோ இருக்கும், விலையும் அதிகம்.

உங்களுக்கு நான் சொல்வது, பெல்லோஸ் மாற்றக்கூடிய, மடக்கும் ஃபீல்டு கேமரா: ஷமோனி அல்லது ஷென் ஹாவ். ஷமோனி ஒன்றரைக் கிலோ அளவில்தான் இருக்கும். அதோடு பை பெல்லோஸையும் சேர்த்தே வாங்குங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிரிட்டனின் இன்ட்ரெபிட் இன்னும் மலிவு, இன்னும் லேசு. பழகிப் பார்க்க நல்லது. ஆனால் சட்டங்களை நேராக நிறுத்துவதற்கு ஒவ்வொரு முறையும் மெனக்கெட வேண்டும். கட்டடக் கோடுகள் அந்தச் சிறு பிசகையும் காட்டிக்கொடுத்துவிடும்.

முன்சட்டத்தின் ரைஸ் போதாத இடத்தில் ஒரு வழி உண்டு. கேமராவின் அடிப்பலகையை மேல்நோக்கிச் சாய்த்து, முன்பின் சட்டங்கள் இரண்டையும் மறுபடி செங்குத்தாக நிமிர்த்துங்கள். லென்ஸ் தானாகவே உயர்ந்திருக்கும்.

எது வாங்கினாலும் செங்குத்துதான் உயிர். கேமராவில் இருக்கும் மட்டக் குமிழை நம்பாமல் தனியாக ஒரு சின்ன ரசமட்டம் வைத்துக்கொண்டு பின்சட்டத்தின் மேலேயே வைத்துப் பாருங்கள். கோடு போட்ட கிரவுண்ட் கிளாஸ் அவசியம். டிரைபாடில் பால் ஹெட் (உருண்டை மூட்டுத் தலை) வேண்டாம். பல்சக்கரம் வைத்த மான்ஃப்ரோட்டோ 410 போன்ற தலை, ஒரு திசையை மட்டும் இழை இழையாகத் திருத்தவிடும். லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீளப் படமாக இணைத்தார். இன்றைய வசதி எதுவும் இல்லாமல் அவர் காத்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

செட்டிநாட்டு வீடுகளின் உள்ளே போகும்போது 75 அல்லது 65 மி.மீ. லென்ஸ் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உள்முற்றமான வளவைச் சுற்றி நிற்பவை உருண்டைத் தூண்கள். மிக அகன்ற லென்ஸில் ஓரத்துத் தூண்கள் பருத்துப்போகும், அந்த வீட்டின் அளவே பொய்யாகிவிடும். பட்டாலையின் மூலையில் 90 மி.மீ.யோடு நின்று, கொஞ்சம் ஷிஃப்ட் (லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்துவது) கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது போதும்.

பழைய பொருள் வாங்கினால், இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து மூலைகளில் ஒளி கசிகிறதா பாருங்கள். ஷட்டரில் ஒரு வினாடி, அரை வினாடி வேகங்கள் மெதுவாகி இழுக்கின்றனவா என்று கேளுங்கள். உள்ளறைகளில் அவைதான் பயன்படும். லென்ஸைச் சிறிய டெக்னிகா போர்டில் (லென்ஸைத் தாங்கும் பலகையில்) மாட்டி வாங்குங்கள். பின்னால் சினாருக்கு மாறினாலும் ஓர் அடாப்டரோடு அப்படியே பொருந்தும்.

இன்னொன்று: தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோயில்களில் டிரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். டிரைபாட் இல்லாமல் இந்தக் கேமராவால் ஒன்றும் செய்ய முடியாது. அறநிலையத் துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரைப் பார்த்துப் பேசிவிட்டுப் பையைத் திறங்கள்.