நாகசாகியில் பழைய வெளிநாட்டு வணிகர் வீடுகளைப் பார்க்க அரை நாள் போதுமா?

போதும். அந்த வீடுகள் இருக்கும் குளோவர் தோட்டம் என்ற மலைச்சரிவு வளாகத்துக்குப் போங்கள். அடிவாரத்திலிருந்து ஏறி மூச்சு வாங்க வேண்டாம்; டிராமில் இஷிபாஷி நிறுத்தத்தில் இறங்கினால், பக்கத்திலேயே மலைச்சரிவில் சாய்வாக ஏறும் லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டுக்குக் கட்டணம் கிடையாது. மேல் வாசலில் நுழைந்து, துறைமுகத்தைப் பார்த்தபடியே கீழே இறங்கி வரலாம்.

அதிக நேரத்தைக் குளோவர் வீட்டுக்கே ஒதுக்குங்கள். ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் குளோவருக்காக 1863இல் கட்டியது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் மேலைநாட்டுப் பாணி மர வீடுகளிலேயே பழையது. கட்டியவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். அதனால் தாழ்வாரம் ஐரோப்பியர் ரசனை, தலைக்கு மேலே ஜப்பானிய ஓடு! கூரையை நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். எனக்கு அந்தக் கலப்புதான் மிகவும் பிடித்தது. 2015இல் இந்த வீடு உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

ரிங்கர், ஆல்ட் என்ற வணிகர்களின் வீடுகளும் அதே வளாகத்தில்தான். ஆல்ட் வீட்டின் கல் தூண்கள் அழகு.