வரலட்சுமி நோன்பு: ஆடியிலா, ஆவணியிலா?

கேள்வி: வரலட்சுமி நோன்பு சில ஆண்டுகளில் ஆடியிலும் சில ஆண்டுகளில் ஆவணியிலும் வருவது ஏன்? மேலும், என் புகுந்த வீட்டில் கலசம் வைக்கும் வழக்கம் இல்லை; நான் புதிதாகத் தொடங்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சந்திரனை வைத்துக் கணிக்கும் சிராவண மாதத்தில், பௌர்ணமிக்கு முன் வரும் வெள்ளிக்கிழமையே இந்த நோன்புக்குரிய நாள். நம் ஆடியும் ஆவணியும் சூரியனை வைத்துப் பிறப்பவை என்பதால் இருவகைக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. 2023-இல் அதிக மாதம் எனப்படும் கூடுதல் சந்திர மாதம் சேர்ந்து சிராவணமே இருமுறை வந்ததால் நோன்பு ஆவணி 8-க்குத் தள்ளிப்போயிற்று. 2025-இல் ஆடி 23-லேயே வந்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு விரதக் கதையிலேயே விடை இருக்கிறது. மகத நாட்டுக் குண்டின நகரத்துச் சாருமதிக்கு இந்த நோன்பு மாமியார் வழி வந்ததன்று. மகாலட்சுமி கனவில் வந்து சொல்ல, அதை அவள் வீட்டாரிடம் கூறி, அவர்கள் மகிழ்ந்து இசைந்த பிறகு, ஊர்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பூஜித்தாள். நீங்களும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். ஆனால் கலசம் வைத்தால் ஆண்டுதோறும் விடாமல் வைப்பதுதான் முறை. அது இயலுமா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். இயலாதெனில், படத்தை வைத்து, மஞ்சள் பிள்ளையாருக்குப் பூஜை செய்த பின் அம்மனை அர்ச்சித்து, கொழுக்கட்டை நிவேதனம் செய்து, நடுவில் பூ வைத்து ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் சரட்டை வலக்கையில் கட்டிக்கொண்டாலே போதும். வெள்ளி முகமும் பட்டுப் பாவாடையும் வாங்கக் கடன் படுவது, செல்வம் வேண்டிச் செய்கிற பூஜைக்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கலசத்தில் இட்ட அரிசியையும் மேலே வைத்த தேங்காயையும் பூஜைக்குப் பிறகு என்ன செய்வது?
– வாசகி, ஓசூர்

பதில்: மறுநாள் சனிக்கிழமை, புனர்பூஜை எனப்படும் நிறைவுப் பூஜை செய்து, கலசத்தைச் சற்றே வடக்கே நகர்த்தி வைத்த பிறகு பிரிக்கலாம். அரிசியில் ஒரு பிடியை வீட்டு அரிசிப் பானையில் சேர்த்துவிட்டு, மீதியை அந்தத் தேங்காயுடன் அடுத்த வெள்ளிக்கிழமை பாயசமாக வைத்து நிவேதனம் செய்வது பல வீடுகளில் வழக்கம். அதுவரை தேங்காய் தாங்காது என்று தோன்றினால் முன்னதாகவே உடைத்துச் சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் குற்றமில்லை.