சால்வை, சப்பாத்து, சாரம்: ஆண்களின் உடுப்பு பற்றிய கேள்வி பதில்

வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். என் தகப்பனார் மட்டக்களப்பு நகரில் தையற்கடை வைத்திருந்தார். அவர் அளவு குறித்துவைத்த கொப்பிகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஆண்களின் உடை பற்றி யாரும் கேட்கலாம் என்று அறிவித்ததும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லடி, உயர்தர மாணவர்: சேர், காலத்துக்குக் காலம் மாறியது பெண்களின் உடைதானே? ஆண்கள் எப்போதும் ஒரேமாதிரித்தான் உடுத்தார்கள். இதில் என்ன வரலாறு இருக்கிறது?

தம்பி, ஆண்கள் அடக்கமான நிறத்தில் ஒரேமாதிரி உடுக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கே ஏறத்தாழ இருநூறு வயதுதான். அதற்கு முன்னர் ஐரோப்பாவில் அதிகம் மினுக்கியவர்கள் ஆண்கள். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் புகழ்பெற்ற ஓவியத்தைப் பாருங்கள். தோளில் புரளும் பொய்முடி, பின்னல் சரிகை, வெண்பட்டுக் காலுறை, சிவப்புக் குதி வைத்த சப்பாத்து. குதி உயர்ந்த சப்பாத்து பாரசீகக் குதிரை வீரர்களுடையது. அங்கவடியில் கால் நழுவாதிருக்க அவர்கள் அதை அணிந்தார்கள். ஐரோப்பிய ஆண்கள் அதைக் கண்டு ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு அது பிறகுதான் போனது.

திருப்பம் மெல்ல வந்தது. 1666 ஒக்டோபரில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ள்ஸ், இனி நீண்ட மேலங்கிக்குள் ஒரு உள்ளங்கி அணிவேன் என்று அறிவித்தான். இன்றைய மூன்று துண்டு சூட்டின் வேர் அங்கே இருக்கிறது. 1789 பிரெஞ்சுப் புரட்சியில் முழங்காலோடு நிற்கும் பட்டுக் களிசான் பிரபுக்களின் அடையாளமாகிவிட்டது. பாரிஸ் உழைப்பாளிகள் தங்கள் நீளக் களிசானைப் பெருமையோடு அணிந்தார்கள். பிறகு இலண்டனில் போ பிரம்மல் என்றொருவர் கறுப்பும் கருநீலமுமான கோட்டு, வெள்ளைக் கழுத்துத்துணி, கச்சிதமான தையல் என்று ஒரு வழியைக் காட்டினார். அரசகுமாரனே அதைப் பின்பற்றினான். ஆண்கள் அழகைத் துறந்த இந்த மாற்றத்தை 1930இல் ஃப்ளூகல் என்ற உளவியலாளர் ‘ஆண்களின் மாபெரும் துறவு’ என்று எழுதினார்.

அந்தத் துறவைப் பள்ளிக்கூடமும் அலுவலகமும் நமக்கும் கொண்டுவந்து சேர்த்தன. கூத்துக் களரி மட்டும் அதை ஏற்கவில்லை. வடமோடி என்ற கூத்து வகையில் அரசனுக்கு வளையம் வைத்து விரித்துக் கட்டும் கரப்புடுப்பையும் கிரீடத்தையும் மார்பில் மின்னும் பதக்கங்களையும் பார்த்து வளர்ந்த எந்த ஊர்ப் பிள்ளையும், மினுக்கம் ஆண்மைக்கு ஆகாது என்று நினைத்ததில்லை.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: வயற்சொந்தக்காரரான போடியார் வந்தால் வயலில் நிற்பவர்கள் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவார்கள் என்று என் தாத்தா சொல்வார். ஒரு துணிக்கு ஏன் இத்தனை சடங்கு?

ஐயா, இந்தத் தொகுப்பில் நான் மிக விரும்பிய கேள்வி இது. உடையின் வரலாற்றைப் படிக்க ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருந்தால் போதும் என்பது என் எண்ணம்: யார் முன்னால் யார் எதைக் கழற்றவேண்டியிருந்தது?

தோளில் கிடக்கும் சால்வை, நான் உனக்குச் சமம் என்று சொல்கிறது. அதை எடுத்து இடுப்பில் கட்டினால் நான் உன் ஏவலுக்கு நிற்கிறேன் என்று பொருள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் போடியாரும்கூட அம்மன் முன்னால் அப்படித்தான் நிற்கிறார்கள். மேற்சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டி எல்லா ஆண்களும் ஒன்றாக நிற்கும் அந்த இடத்தில் மட்டும் பணிவு பொதுவானது. வயல் வரப்பில் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது.

சட்டமே துணியை அளந்த காலமும் உண்டு. 1660இல் கிழக்குக் கரையில், கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்தார். மேற்குலத்து ஆண்கள் மேற்சட்டை அணிந்ததையும், கீழ்நிலையில் வைக்கப்பட்டவர்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று இருந்ததையும் அவர் எழுதிவைத்தார். யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் சால்வை போடவும் செருப்பு அணியவும் 20ஆம் நூற்றாண்டிலும் தடுக்கப்பட்டார்கள். தடையை மீறிச் சால்வை போட்ட மனிதனை நான் போராளி என்றே சொல்வேன். உங்கள் தாத்தா தன் வாழ்நாளில் அந்தச் சால்வை தோளிலேயே கிடக்கும் காலத்தையும் கண்டிருந்தால், அதையும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

காத்தான்குடி, வியாபாரி: எங்கள் மூத்தவாப்பாவின் துருக்கித் தொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. சிவப்பு நிறம், கறுப்புக் குஞ்சம். துருக்கிக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?

முதலில், அதை அழுத்தி மடிக்காமல் உள்ளே கடதாசி திணித்து நிமிர்த்தி வையுங்கள்.

உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களின் இறுதியில் தலைப்பாகைக்குப் பதிலாக அந்தத் தொப்பியைத் தன் படைக்கும் அதிகாரிகளுக்கும் ஆக்கினார். அன்று அது புதுமையின் சின்னம். கலீஃபாவின் நாட்டுத் தொப்பி என்பதால் உலகெங்கும் முஸ்லிம்கள் அதை மதிப்போடு அணிந்தார்கள். இலங்கையிலும் படித்த முஸ்லிம்களின் அடையாளமாயிற்று.

1905இல் அது கொழும்பு உயர் நீதிமன்றத்தில் பெரும் பிரச்சினையாகியது. வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அதை அணிந்து வந்தபோது பிரதம நீதியரசர் லேயார்ட் மறுத்தார். வெள்ளையர் ஆட்சியின் வழக்கம் இதுதான்: ஐரோப்பிய முறையில் சப்பாத்துப் போட்டால் தலையைத் திறக்கவேண்டும், கீழைத்தேய முறையில் தலையை மூடினால் காலைத் திறக்கவேண்டும். சப்பாத்தும் தொப்பியும் ஒன்றாக அணிந்த ஒரு மனிதன் எதையும் கழற்றாமல் நீதிபதி முன் நின்றது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூடினார்கள். ஒரு தொப்பிக்காகத் திரண்ட அந்தக் கூட்டத்தை இலங்கை முஸ்லிம்களின் அரசியல் விழிப்பின் தொடக்கங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

அதே தொப்பியை 1925இல் துருக்கியிலேயே அத்தாதுர்க் தடைசெய்தார். அங்கே அது பழைமையின் சின்னமாகிவிட்டிருந்தது. இங்கே ஆண்கள் பிறகும் பல காலம் அதை அணிந்தார்கள். இன்று உங்கள் ஊரில் காணும் நீண்ட வெள்ளை ஜுப்பா வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குப் போய்வந்த காலத்தோடு பெருகியது. அதற்கு முந்திய தலைமுறையின் உடை சாரமும் அந்தத் தொப்பியும்தான்.

ஏறாவூர், பெயர் எழுதாத ஒருவர்: கழுத்துப்பட்டி எங்கிருந்து வந்தது?

17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்காகப் போரிட்ட குரோஷியக் கூலிப்படையினர் கழுத்தில் முடிச்சிட்ட துணியிலிருந்து.

மருதமுனை, நெசவுக் குடும்பத்துப் பெண்: சேர், எங்கள் கைத்தறிச் சாரத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். அதை உடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால் முகம் சுளிக்கிறார்கள். ஏன்?

மகள், உங்கள் கோபம் நியாயமானது. மியன்மாரில் அரசியல் தலைவர்களே இதே வகை உடையை அணிகிறார்கள். யேமனிலிருந்து இந்தோனேசியா வரை இந்தக் கடலைச் சுற்றியுள்ள ஆண்களின் உடை இது. இலங்கையில் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகம் பெற்றவன் களிசானுக்கு மாறினான். அன்றிலிருந்து களிசான் சம்பளத்தின் அடையாளம், சாரம் உழைப்பின் அடையாளம் என்றாகிவிட்டது. துணியில் குறை இல்லை.

சாரத்துக்கும் தனக்கென்று ஒரு மரியாதை முறை உண்டு. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துச் சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கும் இளைஞன், ஆசிரியரைக் கண்டதும் கையைக் கீழே விட்டு மடிப்பை அவிழ்த்து விடுவான். துணி கணுக்காலைத் தொடும். ஒரு வார்த்தையும் பேசாமல் வணக்கம் சொல்லிவிடுவான். களிசானில் இதைச் செய்ய வழியில்லை.

1977க்குப் பின் இறக்குமதித் துணி தாராளமாக வந்தபோது தறிகள் அடிபட்டன. 2004 சுனாமி உங்கள் ஊரின் கரையோரத்தையே வாரிக்கொண்டுபோனது. அதன் பிறகும் பாவு ஓட்டி நாடா எறிகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கைத்தறித் துணியின் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணியை அகலத்துக்கு இழுத்துப் பிடித்த ஊசிகளின் சின்னஞ்சிறு துளைகள் பெரும்பாலும் தெரியும். பேரம் பேசும்முன் அதைப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி, இல்லத்தரசி: பூட்டனாரின் படம் ஒன்று இருக்கிறது. தலைப்பாகை, கோட்டு, வேட்டி, வெறுங்கால். எந்தக் காலத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மா, தலையையும் கையையும் பாருங்கள். தலைப்பாகையும் கடுக்கனும் இருந்தால் பெரும்பாலும் 1930க்கு முந்தியது. கோட்டுப் பையிலிருந்து சங்கிலி தொங்கினால் பைக் கடிகாரம். மணிக்கட்டில் கடிகாரம் இருந்தால் முதலாம் உலகப்போருக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். அதற்கு முன் கைக்கடிகாரம் பெண்களின் நகையாகவே கருதப்பட்டது. அகழிக்குள் நின்ற படைவீரனுக்குப் பையில் கைவிட்டு நேரம் பார்க்க முடியவில்லை, அதனால் ஆண்களின் கைக்கு வந்தது. கோட்டின் கை நீளத்தையும் பாருங்கள். படப்பிடிப்பு நிலையங்களில் கோட்டு இரவல் கொடுப்பார்கள். விரல் நுனிவரை மூடியிருந்தால் அது பூட்டனாருடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

வாழைச்சேனை, இளைஞர்: காதில் கடுக்கன் போட்டதற்கு வீட்டில் பெரிய சண்டை. ஆண்பிள்ளைக்கு இது அழகா என்று அப்பப்பா கேட்கிறார்.

அப்பப்பாவின் அப்பப்பா காதில் கடுக்கனும் தலையில் குடுமியும் இருந்திருக்கும், தம்பி. ஆங்கிலப் பாடசாலைக் காலத்தில் குடுமி கிராப்பானது, கடுக்கனும் கழன்றது. இதைச் சண்டையாகச் சொல்லாமல் பழைய படமொன்றை எடுத்துவைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள்.

அக்கரைப்பற்று, கல்லூரி விரிவுரையாளர்: அரசியல்வாதிகள் வெள்ளை நஷனலுக்கு எப்போது மாறினார்கள்? அது எளிமையா, வேடமா?

1948 சுதந்திர விழாவில் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க மேற்கத்திய விழாக்கால உடையில் நின்றார். ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்து வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1930களிலேயே தேசிய உடைக்கு, அதாவது நீங்கள் கேட்ட நஷனலுக்கு (நீண்ட வெள்ளை மேற்சட்டை, வெள்ளைச் சாரம்) மாறியிருந்தார். 1956இல் அவர் பிரதமரானதும் அந்த உடை ஆட்சியின் உடையாகிவிட்டது. தமிழ்த் தலைவர்களின் வேட்டிக்கும் சால்வைக்கும் வேறொரு ஊற்றும் உண்டு. 1921 செப்டெம்பர் 22ஆம் திகதி மதுரையில் காந்தி மேற்சட்டையைத் துறந்தார். 1931இல் அதே கோலத்தில் இலண்டன் அரண்மனைக்கும் போனார்.

எனக்கு இவர்களை விடவும் நெருக்கமான உதாரணம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அறிவியல் கற்றவர், ஆங்கிலத்தில் வல்லவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோது அவர் உடை காவி. கோட்டும் கழுத்துப்பட்டியும் நிறைந்த அந்தச் சபையில் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. வேடமா என்று கேட்டீர்கள். விழா முடிந்த பின்னும் ஒருவர் அதை உடுக்கிறாரா என்று பாருங்கள்.

திருக்கோவில், தகப்பன்: மகனுக்கு ஆவணியில் திருமணம். சூட்டுத்தான் வேண்டும் என்கிறான். எனக்கு வேட்டிதான் விருப்பம்.

தாலி கட்டும் நேரத்துக்கு வேட்டி சால்வை, மாலை விருந்துக்குச் சூட்டு என்று பேசி முடிக்கலாம். சூட்டு, குளிர்நாட்டுக் கம்பளித் துணிக்குப் பிறந்த உடை. ஆவணி வெயிலில் மணவறைத் தீயின் முன் பிள்ளை வெந்துபோவான். சூட்டே என்று அவன் பிடிவாதமாக நின்றால் பருத்தி அல்லது லினன் துணி எடுங்கள், உள்துணியை முதுகில் பாதி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அளவு பார்க்கும்போது தையற்காரர் முன் அவனை இரண்டு கையையும் முன்னால் நீட்டி உயர்த்தச் சொல்லுங்கள். தாலி முடிச்சுப் போடும்போது கை அப்படித்தான் போகும். முதுகு இழுத்துப் பிடித்தால் அங்கேயே பிரித்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள்.